அளவுகோலும் சொல்லும்: அறிவியல் அடைவு மதிப்பீட்டின் வரலாற்றில் மொழியின் இடம்

1. முன்னுரை

ஒரு நாட்டின் பள்ளி மாணவர்கள் அறிவியலில் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பது ஒரு வினா. பத்தாண்டுகளுக்கு முன் பயின்றோரைவிட இன்று பயில்வோர் மிகுதியாக அறிந்திருக்கிறார்களா என்பது மற்றொரு வினா. முன்னது நிலையைப் பற்றியது. பின்னது போக்கைப் பற்றியது. இவ்விரண்டையும் பெருமளவிலான மாதிரித் தேர்வுகளின் வழி அறிய முயலும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைபெற்றது. அதற்கு முன்னரும் தேர்வுகள் இருந்தன. ஆனால் அவை தனி மாணவரைத் தேர்ந்தெடுக்கவோ விலக்கவோ பயன்பட்டவை. ஒரு தலைமுறையின் அறிவை அளந்து முன்னைய தலைமுறையோடு ஒப்பிடப் பயன்பட்டவை அல்ல.

இம்மதிப்பீடுகளின் வரலாற்றைக் கல்வியியலாரும் புள்ளியியலாரும் விரிவாக எழுதியுள்ளனர். மொழியியல் நோக்கில் அது போதிய அளவு ஆராயப்படவில்லை. அறிவியல் தேர்வு என்பது சொற்களால் ஆன கருவி. வெப்பத்தை அளக்கும் கருவியில் பாதரசம் எத்தகைய இடம் பெறுகிறதோ அத்தகைய இடத்தை இக்கருவியில் மொழி பெறுகிறது. பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஒரே வினாவைப் பல மொழிகளில் கேட்கும்போது கருவி ஒன்றாகவே இருக்கிறதா என்னும் ஐயம் எழுகிறது. சொற்கள் மாறிக்கொண்டே வரும் ஒரு மொழியில் இருபதாண்டு இடைவெளியில் அதே வினாவைக் கேட்கும்போதும் இந்த ஐயம் எழுகிறது. முதலாவது ஐயத்தை ஆய்வாளர் பலர் எழுப்பியுள்ளனர். இரண்டாவது ஐயம் போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அம்மதிப்பீடுகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, இவ்விரண்டாவது ஐயத்தைத் தமிழ்ச் சான்றுகளோடு விளக்க முற்படுகிறது.

2. தொடக்கமும் இந்தியாவின் முதல் பங்கேற்பும்

கல்வி அடைவு மதிப்பீட்டுக்கான பன்னாட்டுக் கழகத்தின் தொடக்கம் 1958-ஆம் ஆண்டைச் சார்ந்தது. பல நாடுகளின் கல்வி ஆய்வாளர்கள் கூடி, உலகையே ஓர் ஆய்வுக்கூடமாகக் கொண்டு பள்ளிக் கல்வியின் பயன்களை ஒப்பிடலாம் எனக் கருதினர். பதின்மூன்று வயதினரைக் கொண்டு பன்னிரண்டு நாடுகளில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடத்தப்பட்டு, அதன் அறிக்கை 1962-இல் வெளிவந்தது. கணிதம், வாசிப்பு, புவியியல், அறிவியல், மொழிசாராத் திறன் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற்றன. மாணவர்களை வரிசைப்படுத்துவதைவிட, வெவ்வேறு மொழி பேசும் நாடுகளில் ஒரே தேர்வை நடத்த இயலுமா என்பதை அறிவதே அம்முன்னோட்டத்தின் தலையாய நோக்கம். எனவே, மொழிபெயர்ப்புச் சிக்கல் இத்துறையில் பின்னர் வந்து சேர்ந்த ஒன்றன்று; துறை தோன்றியபோதே உடன் தோன்றியது எனலாம்.

இக்கழகத்தின் முதல் அறிவியல் ஆய்வு, ஆறு பாடங்களைத் தழுவிய பேராய்வின் ஒரு பகுதியாக 1970-ஐ ஒட்டி நடைபெற்றது. பத்து வயதினர், பதினான்கு வயதினர், பள்ளியிறுதி வகுப்பினர் என மூவகையினர் அதில் தேர்வு எழுதினர். கோம்பர், கீவ்ஸ் ஆகிய இருவரும் பத்தொன்பது நாடுகளின் முடிவுகளைத் தொகுத்து 1973-இல் நூலாக வெளியிட்டனர். பத்து, பதினான்கு வயதினருள் ஜப்பானும், பள்ளியிறுதி வகுப்பினருள் நியூசிலாந்தும் முதலிடம் பெற்றன. இந்தியா, ஈரான், சிலி, தாய்லாந்து ஆகிய நான்கும் வளரும் நாடுகளாகப் பங்கேற்றன. தொழில்வளம் மிக்க நாடுகளுக்கும் இவற்றுக்கும் இடையே பெரும் இடைவெளி காணப்பட்டது.

இந்தியாவின் பங்கேற்பில் மொழியியலார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'இந்தியா' என்ற பெயரில் அட்டவணையில் இடம்பெற்ற மாணவர்கள் இந்தி பேசும் மாநிலங்களைச் சார்ந்தவர்கள் மட்டுமே. 1961-இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் இவ்வாய்வின் இந்தியப் பகுதியைப் பற்றி 1974-இல் வெளியிட்ட சுக்லாவின் அறிக்கை, தாய்மொழியாகிய இந்தியிலும் அறிவியலிலும் இந்தியக் குழந்தைகள் பெற்ற அடைவு என்றே தன் தலைப்பில் வரையறுத்துக் கொள்கிறது. தேசிய அறிக்கை காட்டிய இவ்வரையறையைப் பின்னர் அட்டவணைகளை எடுத்தாண்டோர் பலர் காட்டவில்லை. ஒரே மொழியில் ஆய்வை நிறுத்திக்கொண்டமை செலவையும் மொழிபெயர்ப்புச் சிக்கலையும் குறைத்திருக்கும். ஆனால் 'நாடு' என்ற சொல்லின் பொருளும் அதனோடு சுருங்கியது. பன்மொழி நாட்டில் தேசிய அடைவை அளப்போர் இரண்டில் ஒன்றை ஏற்றே ஆக வேண்டும் என்பதை இந்த முதல் முயற்சியே காட்டிவிட்டது. ஒரு மொழியோடு நின்றால் நாடு முழுமையும் அளக்கப்படாது. பல மொழிகளில் அளந்தால் அளவுகோல் ஒன்றே என்பதை மெய்ப்பிக்க வேண்டும்.

இக்கழகம் 1980-களில் நடத்திய இரண்டாம் அறிவியல் ஆய்வில் இந்தியா பங்கேற்கவில்லை. 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பன்னாட்டுக் கணித, அறிவியல் போக்கு ஆய்விலும் இந்தியா இதுவரை சேரவில்லை. எனவே 1970-இன் அளவீடு தொடர்ச்சியின்றித் தனியே நிற்கிறது. ஒரு புள்ளியைக் கொண்டு நிலையைக் கூறலாம். போக்கைக் கூற இயலாது.

3. போக்கு என்னும் கருத்து: அமெரிக்கத் தேசிய மதிப்பீடு

போக்கை அளக்கும் முயற்சியின் நீண்ட வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில் காணக் கிடைக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கல்வி ஆணையராக இருந்த பிரான்சிஸ் கெப்பல், பள்ளிகளின் எண்ணிக்கை பற்றிய விவரங்கள் நிறைந்திருக்க, மாணவர் கற்றது பற்றிய விவரம் இல்லாமையைக் கண்டார். அவர் வேண்டுகோளின்படி ரால்ஃப் டைலர் இம்மதிப்பீட்டின் அமைப்பை வகுத்தார். முதல் மதிப்பீடு 1969-இல் அறிவியல், குடிமையியல், எழுத்துத்திறன் ஆகிய மூன்றிலும் தொடங்கியது. ஒன்பது, பதின்மூன்று, பதினேழு வயதினர் தேர்வுக்கு உரியோராயினர்.

அத்தொடக்க கால முறை இரண்டு வகைகளில் மொழியியல் நோக்கில் சுவையானது. முதலாவதாக, மாணவர்க்கு மொத்த மதிப்பெண் வழங்கப்படவில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் நூற்றுக்கு எத்தனை பேர் சரியாக விடையளித்தனர் என்பதே அறிவிக்கப்பட்டது. வினாவே அலகாக இருந்ததால், அதன் சொல்லமைப்பு படிப்போர் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதாக, அறிவியல் வினாக்கள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டு, மாணவர்க்கு உரக்க ஒலிபரப்பப்பட்டன. வாசிப்புத் திறன் குறைந்த மாணவர் அறிவியல் அறிந்திருந்தும் தோற்றுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். படித்தறிதல் வேறு, அறிவியல் அறிதல் வேறு என்ற பாகுபாடு நடைமுறையிலேயே ஏற்கப்பட்டது.

1983-இல் கல்வித் தேர்வுப் பணியகம் இப்பொறுப்பை ஏற்றபின் முறை மாறியது. மாணவர் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே கோட்டில் வைத்து மதிப்பிடும் கணித மாதிரிகள் வழக்கிற்கு வந்தன. ஒவ்வொரு மாணவருக்கும் எல்லா வினாக்களையும் தராமல், வினாக்களைப் பல ஏடுகளில் பகிர்ந்து, முடிவுகளை 0 முதல் 500 வரையான ஒரே அளவுகோலில் தொகுக்க இயன்றது. பழைய தேர்வுகளின் முடிவுகளும் இவ்வளவுகோலுக்கு மாற்றப்பட்டன. அதன்படி பதினேழு வயதினரின் அறிவியல் சராசரி 1969-இல் 305; 1973-இல் 296; 1977-இல் 290; 1982-இல் 283. பின்னர் அது ஏறி, 1992-இல் 294 ஆகவும் 1999-இல் 295 ஆகவும் நின்றது. ஒன்பது வயதினரின் சராசரி 1970-இல் 225, 1973-இல் 220, 1999-இல் 229.

இவ்வெண்கள் அரசியல் வலிமை பெற்றன. 1983 ஏப்ரலில் வெளிவந்த 'ஆபத்தில் ஒரு நாடு' என்னும் அறிக்கை, பதினேழு வயதினரின் அறிவியல் அடைவு 1969, 1973, 1977 ஆகிய மூன்று மதிப்பீடுகளிலும் தொடர்ந்து இறங்கியதைத் தன் வாதத்துக்குச் சான்றாகக் காட்டியது. பதின்மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த மொத்த இறக்கம் 22 புள்ளிகள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இரு மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட மாற்றம் ஆறு முதல் ஒன்பது புள்ளிகள் மட்டுமே. ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை அசைக்கும் போக்குகள் இவ்வளவு சிறிய எண்களால் ஆனவை.

4. 1986-ஆம் ஆண்டின் பாடம்

அளவுகோல் அசைந்தால் என்ன நேரும் என்பதை 1986-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டின் வாசிப்பு மதிப்பீட்டில் ஒன்பது வயதினரும் பதினேழு வயதினரும் இரண்டே ஆண்டுகளில் நம்பத்தகாத அளவு பின்தங்கியிருப்பதாக முடிவு வந்தது. ஆல்பர்ட் பீட்டன் முதலியோர் காரணம் தேடினர். வினாக்கள் மாறவில்லை. ஆனால் அவை ஏட்டில் இடம்பெற்ற வரிசையும் அருகில் அமைந்த வினாக்களும் தரப்பட்ட நேரமும் மாறியிருந்தன. 1988-இல் ஒரு சோதனை நடத்தப்பட்டது. மாணவருள் ஒரு பகுதியினருக்கு 1984-இன் முறையிலும் மற்றொரு பகுதியினருக்கு 1986-இன் முறையிலும் அதே வினாக்கள் தரப்பட்டன. இறக்கத்தின் பெரும்பகுதி மாணவரிடமிருந்து வந்ததன்று, கருவியிலிருந்து வந்தது என்பது தெளிவாயிற்று. மாற்றத்தை அளக்க விரும்புவோர் அளவையை மாற்றலாகாது என்னும் கொள்கை இதனால் உறுதிப்பட்டது.

இக்கொள்கையை அமெரிக்கர்களாலும் எந்நாளும் கடைப்பிடிக்க இயலவில்லை. நீண்டகாலப் போக்கு ஆய்வில் அறிவியல் 1999-க்குப் பின் கைவிடப்பட்டது. அதற்கு இணையாக 1996, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் நடந்த முதன்மை மதிப்பீடு, 2009-இல் புதிய பாடச்சட்டகத்தை ஏற்றபோது முந்தைய தொடரிலிருந்து துண்டிக்கப்பட்டது. அறிவியல் வளரும் துறையாதலின் பழைய வினாக்களே என்றும் பொருந்தா. ஆயினும் எந்த ஆண்டில் கோடு முறிந்தது, ஏன் முறிந்தது என்பதை அறிக்கைகள் வெளிப்படையாகக் கூறின. அந்நேர்மையே பின்பற்றத்தக்கது.

ஒரே மொழியில், அதே சொற்களில், இரண்டாண்டு இடைவெளியில், வினாக்களின் வரிசை மாறியதே இவ்வளவு விளைவைத் தருமாயின், வினாவின் சொற்களே மாறும்போது என்ன நேரும்? அங்கே மொழியியலாரின் பணி தொடங்குகிறது.

5. வினாவை மொழிபெயர்த்தல்

தேர்வு மொழிபெயர்ப்பு ஏனைய மொழிபெயர்ப்புகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. இலக்கிய மொழிபெயர்ப்பில் பொருளும் நயமும் காக்கப்பட வேண்டும். சட்ட மொழிபெயர்ப்பில் பொருளும் விளைவும் காக்கப்பட வேண்டும். தேர்வு மொழிபெயர்ப்பில் பொருளோடு கடினமும் காக்கப்பட வேண்டும். மூலத்தைவிடத் தெளிவாக மொழிபெயர்ப்பதும் இங்கே பிழையாகும்.

ஹாம்பிள்டன் எடுத்துக்காட்டும் வினா இதனை விளக்கும். விரல்களுக்கிடையே சவ்வு அமைந்த பாதத்தையுடைய பறவை எங்கு வாழக்கூடும் என்பது ஆங்கில வினா. மலை, காடு, கடல், பாலை என்பன தெரிவுகள். அத்தகைய பாதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நீரைப் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. மாணவர் பயனை ஊகித்தறிய வேண்டும். சுவீடிய மொழிபெயர்ப்பிலோ அது 'நீந்து பாதம்' என்னும் பொருளுடைய சொல்லாக அமைந்தது. விடை வினாவுக்குள்ளேயே வந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் பிழையில்லை, மொழிபெயர்ப்பாளர் தம் மொழியின் இயல்பான சொல்லையே எடுத்தாண்டார். சிக்கல் அச்சொல்லின் பொருள் விளக்கத் தன்மையில் உள்ளது.

இத்தன்மை தமிழ்க் கலைச்சொற்களில் மிகுதி. 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சி தொட்டு, பொருள் விளங்கச் சொல்லாக்குதல் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் பெருநெறியாக வளர்ந்து வந்துள்ளது. கற்பித்தலில் இது பெரும் நன்மை. தேர்விலோ இது கடினத்தை மாற்றும். பாரோமீட்டர் எதனை அளக்கும் கருவி என்று கேட்டால் மாணவர் நினைவிலிருந்து விடை கூற வேண்டும். காற்றழுத்தமானி எதனை அளக்கும் என்று கேட்டால் தமிழறிவே போதும். ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாதது எது என்னும் வினாவும் அத்தகையதே. தாவரவுண்ணி எதனை உண்ணும் என்பது வினாவே அன்று.

இயற்பியலில் வரும் இரு சொற்களைக் கொண்டு இதனை மேலும் நுணுகிக் காணலாம். திசையோடு கூடிய இயக்க அளவையும் திசையற்ற இயக்க அளவையும் ஆங்கிலத்தில் தொடர்பற்ற இரு சொற்களால் குறிக்கப்படுகின்றன. இந்தியில் முன்னது 'வேக்', பின்னது 'சால்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னது 'திசைவேகம்', பின்னது 'வேகம்'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முன்னது 'வேகம்', பின்னது 'கதி'. இவற்றுள் திசை உடையது எது என்று வினவினால், தமிழ்நாட்டு மாணவர்க்குச் சொல்லே விடை தருகிறது. இந்தி மாணவர்க்கும் இலங்கைத் தமிழ் மாணவர்க்கும் அவ்வுதவி இல்லை. அன்றியும் வேகம் என்னும் ஒரே சொல் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இரு வேறு அளவைகளைக் குறிக்கிறது. 'நிறை' என்னும் சொல்லும் அவ்வாறே. தமிழ்நாட்டில் அது பொருளின் அளவைக் குறிக்க, 'எடை' என்பது புவியீர்ப்பால் ஏற்படும் விசையைக் குறிக்கிறது. இலங்கையிலோ முன்னது 'திணிவு'; பின்னதே 'நிறை'. நிலவுக்குச் செல்லும் ஒருவரின் நிறை குறையுமா என்னும் வினாவுக்குச் சென்னையில் 'குறையாது' என்பதும் யாழ்ப்பாணத்தில் 'குறையும்' என்பதும் சரியான விடைகள். மொழி ஒன்றே ஆயினும் வினா ஒன்றன்று.

சொல்லைப் போலவே தொடரமைப்பும் கடினத்தை மாற்றும். ஆங்கிலத் தேர்வுகளில் முற்றுப்பெறாத தொடரைத் தந்து, இறுதியில் வரும் இடத்தைத் தெரிவுகளால் நிரப்பச் செய்வது பெருவழக்கு. தமிழில் வினை இறுதியில் நிற்பதால் கோடிட்ட இடம் தொடரின் நடுவே வந்து சேரும். 'தாவரங்கள் தமக்கு வேண்டிய ஆற்றலை ______ பெறுகின்றன' என்பது போன்ற தொடரில் நீங்கற் பொருளுருபு தெரிவுகளோடு ஒட்ட வேண்டும். உருபு தொடரிலேயே நின்றால் சில தெரிவுகள் புணர்ச்சியாலோ திணை வேறுபாட்டாலோ பொருந்தாமல் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும். பெயரெச்சங்கள் அடுக்கி வரும் நீண்ட வினாத்தொடர்களோ நேர்மாறான விளைவைத் தரும். தலைமைப் பெயரை அடையும் வரை மாணவர் எல்லாச் செய்திகளையும் நினைவில் தாங்க வேண்டியுள்ளது.

எல்லா மயக்கங்களும் நீக்கத்தக்கன அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அசையாத சுவரைத் தள்ளுபவர் 'வேலை' செய்தாரா என்னும் வினா, அன்றாடப் பொருளையும் இயற்பியற் பொருளையும் மாணவர் பிரித்தறிகிறாரா என்பதையே சோதிக்கிறது. ஆங்கிலத்திலும் தமிழிலும் மயக்கம் ஒத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தெளிவு கருதி வேறொரு சிறப்புச் சொல்லை இட்டால் வினாவின் உயிர் போய்விடும்.

6. தமிழ்நாடு பங்கேற்ற பன்னாட்டு மதிப்பீடு

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 2000 முதல் நடத்திவரும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டம் பதினைந்து வயதினரைச் சோதிப்பது. அதன் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. தேர்வு 2010-இல் நடைபெற்றது. முடிவுகள் 2011 இறுதியில் வெளிவந்தன. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. இமாசலப் பிரதேசத்தின் சராசரி 325. வளர்ந்த நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டியது. அடிப்படை நிலையாக வகுக்கப்பட்ட இரண்டாம் நிலையை அறிவியலில் எட்டியோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினாறு பேர். இமாசலப் பிரதேசத்தில் ஏறத்தாழ பதினொரு பேர்.

இத்திட்டத்தின் மொழிபெயர்ப்பு முறை ஏனையவற்றினும் விரிவானது. வினாக்கள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலங்களில் அமைகின்றன. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் இரண்டையும் இணைத்துச் செம்மை செய்வது பரிந்துரைக்கப்பட்ட முறை. இரு மூலங்களை ஒப்பிடும்போது, எது பொருள், எது ஒரு மொழியின் தற்செயலான அமைப்பு என்பது மொழிபெயர்ப்பாளருக்குப் புலனாகிறது.

முடிவுகள் வெளிவந்தபின், வினாக்கள் இந்தியச் சூழலுக்கு அயலானவை என்னும் வாதம் எழுந்தது. 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியா பங்கேற்கவில்லை. மீண்டும் சேர 2019-இல் உடன்பாடு செய்யப்பட்டதாயினும், பெருந்தொற்றால் 2021-இலிருந்து 2022-க்குத் தள்ளிவைக்கப்பட்ட சுற்றிலும் இந்தியா இடம்பெறவில்லை. 1970-ஐப் போலவே 2009-உம் தனிப்புள்ளியாக நின்றுவிட்டது.

மொழியைக் காரணம் காட்டும் வாதத்தின் எல்லையை இங்கு வரையறுப்பது மொழியியலாரின் கடமை. சில வினாக்களில் சொல்லாலோ தொடராலோ நேரும் கடின மாற்றம் 150 புள்ளி இடைவெளியை விளக்காது. கணிதத்திலும் வாசிப்பிலும் அதே அளவு இடைவெளி காணப்பட்டமை இதனை உறுதிசெய்கிறது. தமிழ் விளக்கச் சொற்கள் வினாவை எளிதாக்கவும் கூடும் என்பதை மேலே கண்டோம். எனவே, குறைந்த மதிப்பெண்ணுக்கு மொழிபெயர்ப்பே காரணம் என்று கூறி அமைதியடைதல் ஆராய்ச்சியாகாது. ஆனால் போக்கு பற்றிய கணக்கு வேறு. அங்கே முடிவைத் தீர்மானிப்பவை ஐந்தும் பத்துமான புள்ளிகள். நிலையை அறிய முயலும்போது சிறிதாகத் தோன்றும் மொழிப் பிழை, போக்கை அறிய முயலும்போது அளக்கப்படும் பொருளுக்கு நிகராக வளர்ந்துவிடுகிறது.

7. இந்தியத் தேசிய அடைவு ஆய்வுகள்

உள்நாட்டு முயற்சிகள் வேறு வழியில் வளர்ந்தன. 1991-இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கற்றல் நிலைகள், தொடக்கப்பள்ளி மாணவர் எய்த வேண்டியவற்றை மொழி, கணிதம், சூழ்நிலையியல் என்னும் மூன்றில் வரையறுத்தன. அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கியபின், தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் வகுப்புவாரியாகத் தேசிய அடைவு ஆய்வுகளை நடத்தலாயிற்று. 2015-இல் பத்தாம் வகுப்பும் சேர்க்கப்பட்டது. 2017 நவம்பர் 13 அன்று மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நடந்த ஆய்வில் ஏறத்தாழ 22 இலட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். 2021 நவம்பர் 12 அன்று மூன்று, ஐந்து, எட்டு, பத்தாம் வகுப்புகளுக்கு நடந்த ஆய்வு 22 பயிற்றுமொழிகளில் ஏறத்தாழ 34 இலட்சம் மாணவரை உள்ளடக்கியது. அதில் அறிவியலின் தேசியச் சராசரி, 500 என்னும் அளவுகோலில், எட்டாம் வகுப்பில் 250. பத்தாம் வகுப்பில் 206. 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' அமைப்பு நடத்திய தேசிய ஆய்வு மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளைத் தேர்ந்துகொண்டது.

1970-இல் ஒரு மொழியோடு நின்ற நாடு, அரை நூற்றாண்டில் 22 மொழிகளில் அளக்கும் நிலையை எய்தியது பெருஞ்சாதனை. ஆனால் போக்கைக் காண விழைவோர்க்கு இத்தொடரில் இடர்ப்பாடுகள் உள. 2017-இல் முடிவுகள் பெரும்பாலும் விழுக்காடுகளாகப் பேசப்பட்டன. 2021-இல் 500-இன் அளவுகோல் முன்னிறுத்தப்பட்டது. அறிவியல் தனிப்பாடமாக அளக்கப்பட்ட வகுப்புகள் எட்டும் பத்துமாக இருந்து ஒன்பதாக மாறின. இவ்விடங்களில் கோடு முறிந்துள்ளது. இம்முறிவுகள் கண்ணுக்குத் தெரிபவை. எச்சரிக்கையோடு படிப்போர் அறிந்துகொள்வர். கண்ணுக்குத் தெரியாத முறிவு ஒன்றும் உண்டு. அது சொல்லில் நிகழ்வது.

8. சொல் மாறும் மொழியில் போக்கு

தமிழ்ப் பாடநூல்களின் அறிவியல் நடை நூறாண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. பிராணவாயு உயிர்வளியாகவும் ஆக்சிஜனாகவும் வழங்கியது. இலங்கையில் அது ஒட்சிசன். கரியமில வாயு கார்பன் டை ஆக்சைடாயிற்று. ஒரு காலத்தில் வடசொல் நீக்கமும் மற்றொரு காலத்தில் பன்னாட்டுச் சொற்களை ஒலிபெயர்த்தலும் மேலோங்கின. இம்மாற்றங்களின் நன்மை தீமை இங்கு ஆராயப்படவில்லை. அளவீட்டில் அவற்றின் விளைவே இங்கு ஆராயத்தக்கது.

உயிரினங்கள் சுவாசிக்க இன்றியமையாத வாயு எது என்னும் வினாவைக் கொள்வோம். தெரிவுகளுள் 'பிராணவாயு' இருந்தால், பெயரே உயிர்ப்பைச் சுட்டி விடைக்கு வழிகாட்டும். 'ஆக்சிஜன்' இருந்தால் அவ்வழிகாட்டுதல் இல்லை. நீரில் கரைந்த கரியமில வாயு நீல லிட்மஸ் தாளை என்ன நிறமாக்கும் என்று கேட்டால், 'அமிலம்' என்னும் உறுப்பு பெயருக்குள்ளேயே நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடு என்று கேட்டால் மாணவர் வேதியியலை அறிந்திருக்க வேண்டும். வினா எண் ஒன்றே. ஆங்கில மூலமும் ஒன்றே. தமிழ் வினா இரண்டு. பின்னைய ஆண்டில் சரியான விடை குறைந்தால், அறிவு குறைந்ததா, துணை குறைந்ததா என்பதை அறிய வழியில்லை.

பழைய சொல்லையே வைத்துக்கொள்வோம் என்றால் அதுவும் தீர்வாகாது. அச்சொல்லைப் பாடநூலில் கண்டிராத மாணவர்க்கு அது அயற்சொல்லாகவே தோன்றும். மாற்றினாலும் அளவுகோல் மாறுகிறது. மாற்றாவிடினும் அளவுகோல் மாறுகிறது. அளவையை மாற்றலாகாது என்னும் கொள்கை, சொல்வழக்கு நிலைபெற்ற மொழியை முன்னிறுத்தி எழுந்தது. கலைச்சொல் நிலைபெறாத மொழிகளில் அதனை அவ்வாறே கடைப்பிடித்தல் இயலாது. இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பயிற்றுமொழியாக அண்மைக் காலத்தில் வளர்ந்த எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. மொழிக்கு மொழி சொல் மாறும் காலமும் திசையும் வேறுபடுவதால், ஒரு மாநிலம் முன்னேறியது, மற்றொன்று பின்தங்கியது என்னும் தீர்ப்புகளிலும் இதன் சாயல் படியக்கூடும்.

9. முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று செயல்களை வேண்டி நிற்கிறது.

ஒன்று, ஆண்டுகளை இணைக்கப் பயன்படும் பொது வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் மொழிவாரியாக ஒரு சொல்வரலாற்றுப் பதிவு வேண்டும். எந்த ஆண்டில் எந்தச் சொல் ஆளப்பட்டது, எப்போது மாறியது, மாற்றியமைக்குக் காரணம் என்ன என்பன அதில் இடம்பெற வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள் தேர்வு முடிந்ததும் அழிந்துபோகும் நிலை மாற வேண்டும்.

இரண்டு, சொல் மாறும்போது 1988-இல் அமெரிக்கர் செய்த சோதனையைப் பின்பற்றலாம். அதே ஆண்டில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட மாணவருள் ஒரு பாதியினருக்குப் பழைய சொல்லும் மறுபாதியினருக்குப் புதிய சொல்லும் தந்து, கடின வேறுபாட்டை அளந்துகொண்டால், முறிந்த கோட்டை இணைக்க இயலும். 22 மொழிகளில் இலட்சக்கணக்கான மாணவரைச் சோதிக்கும் அமைப்புக்கு இது பெருஞ்செலவன்று.

மூன்று, ஆங்கிலத்தையும் இந்தியையும் இணை மூலங்களாகக் கொண்டு, பொருள் விளக்கச் சொற்கள் வரும் வினாக்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பணியில் மொழியியலாரும் கலைச்சொல் வல்லுநரும் பங்குபெற வேண்டும். சமமான திறனுடைய இரு மொழி மாணவர் ஒரு வினாவில் மட்டும் வேறுபட்டால் புள்ளியியல் அதனைக் கண்டுபிடிக்கும். ஏன் வேறுபட்டனர் என்பதை மொழியியலே கூறும்.

ஒரு மாநிலத்தின் அறிவியல் அடைவு ஐந்து புள்ளி ஏறியது என்றோ இறங்கியது என்றோ அறிவிக்கப்படும்போது, பாடத்திட்டங்கள் திருத்தப்படுகின்றன, ஆசிரியர் மதிப்பிடப்படுகின்றனர், பயிற்றுமொழியின் தகுதியே சில வேளைகளில் ஐயத்துக்கு உள்ளாகிறது. தமிழ்வழிக் கல்வி மாணவரைப் பின்தள்ளுகிறது என்றோ முன்னேற்றுகிறது என்றோ எண்களைக் கொண்டு வாதிடுவோர், அவ்வெண்களை ஈன்ற வினாக்களின் தமிழை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.